நடு நாற்காலிக்கு எந்த வழியில் போவது?

அக்கா மகள் போன ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கோவை அரசு சட்டக் கல்லூரியில் படிப்பை முடித்து, வக்கீலாகப் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. காபி டம்ளரைக் கீழே வைத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ஏனுங் மாமா, கம்பெனிப் பக்கமும் சேராம, ஆளுங்க பக்கமும் சேராம, நடுவுல உக்காந்து பேசித் தீத்து வெக்கற வேலைக்குப் போகோணும்னு நெனைக்கறனுங். எந்த வழியில போறதுங்?”

மூன்று யோசனைகளோடுதான் வந்திருந்தாள். டிஎன்பிஎஸ்சி எழுதித் தொழிலாளர் துறைக்குள் போவது ஒன்று. கோவையில் லேபர் வக்கீல் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்வது இன்னொன்று. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் ஹெச்.ஆர். வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, அது மூன்றாவது. அடுத்த மாதமே கையில் சம்பளம் வரும் என்பதால் அக்காவுக்கும் மச்சானுக்கும் அதில்தான் மனசு. நான்காவதாகத் தொழிற்சங்கத்தை நான் சேர்த்தேன். எங்கள் வீடுகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லாத வழி அது.

நான் ஒன்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் வெல்பேர் ஆபீசராக இருந்தவன். பிறகு சட்டம் படித்து இருபது வருடத்துக்கு மேல் லேபர் கேஸ் நடத்தியிருக்கிறேன். இப்போது சமரச மேசையிலும் உட்காருகிறேன். இந்த நான்கு வழிகளில் இரண்டை நடந்தே பார்த்தவன் என்பதால் அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் கரூரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழில் ‘சமரசம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறோம். லேபர் ஆபீசில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் சமரச அலுவலர் ஒருவர். அவர் அரசு அதிகாரி, சட்டமே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. நீதிமன்றத்தை ஒட்டியிருக்கும் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுபவர் இன்னொருவர். அவர் பயிற்சி பெற்ற வக்கீலாகவோ ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ இருப்பார். இந்த இருவருமே தீர்ப்பு சொல்ல முடியாது. பேச வைக்கலாம், பேசியதை எழுதி வாங்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் நடுவர். “நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்” என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்த பிறகு, கேட்டு முடித்துத் தீர்ப்பே சொல்பவர். என் அக்கா மகள் ஆசைப்படுவது இந்த மூன்றில் எதற்கு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மூணாவதுக்குத்தானுங்” என்றாள். அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் அப்படி ஒரு தொழிலே இருக்கிறது. சங்கமும் நிர்வாகமும் போடும் கூலி ஒப்பந்தத்திலேயே, தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு பெயர்ப் பட்டியலை வாங்கி இரு தரப்பும் மாற்றி மாற்றிப் பெயர்களை அடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர் நடுவர். அவருக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பாதிப் பாதியாகக் கொடுப்பார்கள். அங்கே கூட்டாட்சி மத்தியஸ்த அமைப்பும் தேசிய நடுவர் அகாடமியும் 1947-ல் உருவானவை. நம்முடைய தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1947-ல், ஏப்ரல் 1 அன்று. வருடம் ஒன்றுதான், வழி வேறாகிவிட்டது. நாம் நடு நாற்காலியை அரசாங்கத்துக்குக் கொடுத்தோம்.

நம் சட்டத்திலும் தனி நடுவருக்கு இடம் இருக்கிறது. 1956-ல் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு தாங்களே ஒருவரை நடுவராக நியமிக்கலாம் என்றது அது. சங்கத் தலைவராக இருந்து, தொழிலாளர் அமைச்சராகி, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான். கோர்ட்டு கட்டாயமாகத் தீர்த்து வைப்பதை விட, தாங்களே பேசியும் தாங்களே தேர்ந்தெடுத்த நடுவரிடம் போயும் முடித்துக்கொள்வதுதான் தொழில் உறவுக்கு நல்லது என்றார் அவர். அவருக்கும் முன்பே, 1918-ல் அகமதாபாத் மில் வேலைநிறுத்தம் காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகு நடுவரிடம்தான் போனது. இத்தனை வேர் இருந்தும் 10ஏ நம் ஊரில் அரிதாகவே புழங்கியது. இரு தரப்பும் சேர்ந்து “இவர் சொன்னால் சரி” என்று சொல்லும் ஆட்கள் குறைவு, அதுதான் காரணம். ஆகவே நான்கு வழிகளையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட்டேன். பதினைந்து வருடம் கழித்து உன் பெயரைச் சொன்னால் மில் கேட்டுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் தலையாட்டுவார்களா? சம்பளம், இடமாறுதல், வீட்டிலிருந்து தூரம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அரசு வழியில் தொடங்குகிறேன். இந்த நான்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடுவிலேயே உட்கார வைக்கும் வழி இது ஒன்றுதான். மற்ற மூன்றிலும் முதலில் ஏதோ ஒரு பக்கம் நின்றுவிட்டுத்தான் நடுவுக்கு வர முடியும். தொழிலாளர் உதவி ஆணையர் பதவிக்கு நேரடியாகப் போகலாம். குரூப் 2 வழியாகத் தொழிலாளர் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து பதவி உயர்வில் மேலே வருபவர்களும் உண்டு. ஆனால் உதவி ஆய்வாளராகப் போனால் முதல் பல வருடங்கள் எடையளவு சோதனை, கடை ஆய்வு, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் ரெய்டு என்றுதான் ஓடும். சமரச மேசை அதற்குப் பிறகுதான். இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒரு சாயங்காலத்தைச் சொன்னேன். தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது நடந்த போனஸ் பேச்சுவார்த்தை அது. நான் அப்போது மில் தரப்பில் ஃபைல் தூக்கிக்கொண்டு போனவன். சங்கம் கேட்டது 20 சதவீதம், சட்டத்தின் உச்சவரம்பு. நிர்வாகம் சொன்னது 8.33, சட்டத்தின் அடிமட்டம். நாலு மணிக்கு ஆரம்பித்து ஏழு மணி வரைக்கும் இந்த இரண்டு எண்களையே இரு தரப்பும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். சமரச அலுவலர் ஒரு அம்மையார். குரலை உயர்த்தியதே இல்லை. எங்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டுச் சங்கத் தலைவரை மட்டும் உட்கார வைத்தார். கதவு சரியாக மூடவில்லை, அவர் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது.

“எத்தனை சதவீதம்னு நான் கேக்கலைங்க. எவ்வளவு கிடைச்சா நீங்க நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிப்ட் ஆளுங்க முன்னாடி நின்னு பேச முடியும்? அதை மட்டும் சொல்லுங்க.”

அப்புறம் எங்களைக் கூப்பிட்டார். “இந்த மாசம் முடியாததை எந்த மாசம் முடியும்?” என்று மட்டும் கேட்டார். எங்கள் ஜி.எம். முதல் தடவையாகக் கணக்கு நோட்டைத் திறந்தார். போனஸ் ஒரு தொகை, அதற்கு மேல் கருணைத் தொகை பொங்கலுக்கு முன் ஒரு தவணை என்று ஒன்பதரை மணிக்கு 1947 சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், நாளைக்கு வேலைக்குச் சேர்பவரையும் சேர்த்து. இரு தரப்பும் வெளியே தாங்களாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அந்த ஒரு கையெழுத்துக்கு இருக்கும் பலத்தை வேறு எந்த வழியில் போனாலும் அவளுக்குச் சட்டம் கொடுக்காது.

இந்த வழியின் குறையும் அதே நாற்காலியில்தான் இருக்கிறது. ஃபைல் குவியும். 1947 சட்டம் சமரசத்தை 14 நாளில் முடித்து அறிக்கை தரச் சொன்னது. நடந்தது பெரும்பாலும் வாய்தா மேல் வாய்தா, கடைசியில் ஒரு சமரச முறிவு அறிக்கை. வேலைப்பளு மிகுந்த அதிகாரிக்கு முறிவு அறிக்கை எழுதுவது சுலபம், பேச வைப்பது கஷ்டம். அந்தச் சுலபத்தில் விழாமல் இருபது வருடம் இருக்க ஒரு பிடிவாதம் வேண்டும். மாறுதலும் உண்டு. கோவையில் பனியனையும் பம்ப் செட்டையும் ஃபவுண்டரியையும் கற்றுக்கொண்ட கையோடு தூத்துக்குடிக்குப் போக வேண்டி வரலாம்.

பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு சட்டத் தொகுப்புகளையும் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்ததால் அவள் தலைமுறைக்கு இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பழைய முறையில் சமரசம் முறிந்தால் பொதுவான தகராறுகளை அரசு பார்த்துத்தான் கோர்ட்டுக்கு அனுப்பும். புதிய தொழில் உறவுத் தொகுப்பில் முறிவு அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமரசத்துக்கு 45 நாள், வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கப்பட்ட விஷயமென்றால் 14 நாள். கதவு சுலபமாகத் திறப்பதால், சமரச மேசையில் உட்காருபவர் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்தால்தான் ஆட்கள் அங்கே நின்று பேசுவார்கள். நல்ல சமரச அலுவலரின் தேவை இதனால் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு.

இனி ஹெச்.ஆர். வழி. இதைப் பற்றி என்னால் பட்டும் படாமலும் பேச முடியாது.

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு. அந்தப் பிரிவுதான் எனக்குச் சோறு போட்டது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்தவர்களும், சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருவார்கள். தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கார்டிங்கில் பஞ்சுத் தூசி எப்படி மூச்சை அடைக்கும், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சைடருக்கு எத்தனை ஸ்பிண்டில் கொடுத்தால் முடியும், எத்தனையாவது ஸ்பிண்டிலில் சண்டை வரும் என்பதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆறு மணி ஷிப்டுக்குக் கேட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் அங்கே நீ கையெழுத்துப் போட வேண்டும். என் நான்காவது வருடத்தில் ரிங் ஃப்ரேம் பெண் ஒருவரைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. உத்தரவை அடித்து என் மேசையில் வைத்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்கு மேல் 180 நாள் வரை முக்கால், அதற்கும் மேல் விசாரணை இழுத்தால் முழுச் சம்பளம். 1981-ல் தமிழ்நாடு கொண்டுவந்த நல்ல சட்டம் அது. தொண்ணூறு நாள் தாண்டியதும் முக்காலாக்க வேண்டும் என்று ஃபைலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். “நீங்க யார் பக்கம்?” என்று கேட்டார்கள். பாதியே தொடர்ந்தது. அந்த அம்மா ஏழாவது மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்த மில்லை விட்டு வர இன்னும் ஐந்து வருடம் ஆனது.

பதினெட்டு வருடம் கழித்து வேறொரு ஆலைத் தகராறில் இரு தரப்பும் என்னை நடுவராக வைத்துக்கொள்ளலாமா என்று பேசினார்கள். நிர்வாகம் சரி என்றது. சங்கத் தரப்பில் ஒரு பெரியவர் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. “வக்கீல் ஐயா நல்லவருங்க. ஆனா என்ற தங்கச்சியோட சஸ்பென்சன் ஆர்டர்ல இருக்கற கையெழுத்து அவரோடதுங்க” என்றார். உத்தரவின் நகலை வீட்டில் வைத்திருக்கிறார்களாம். நான் விலகிக்கொண்டேன்.

அக்கா மகளிடம் ஹெச்.ஆர். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் முழுக் காரணம். திருப்பூர் நிறுவனங்களில் நல்ல ஹெச்.ஆர். ஆட்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கை, விடுதிப் பெண்களின் புகார், ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த பிள்ளைகளின் லீவு என்று அவர்கள் நாள் முழுக்கச் சமரசம்தான் பேசுகிறார்கள். ஆனால் அதைச் சம்பளம் கொடுப்பவரின் ஆளாக நின்று பேசுகிறார்கள். எதிரே நிற்பவர் அதை மறப்பதில்லை. 2009 செப்டம்பரில் கோவையில் ஒரு உதிரிபாக ஆலைத் தகராறு முற்றி மனிதவள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்த வருடம் இந்தத் துறையில் இருந்த ஒவ்வொருவரும் வீட்டில் பதில் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் யாரையும் உட்கார வைக்காமல் இரண்டு பக்கத்தை மட்டும் நேருக்கு நேர் விட்டுவைத்தால் எங்கே போய் முடியும் என்பதை அதற்குப் பிறகு என்னால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக முடிவதில்லை.

சங்க வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது சின்ன வழி என்பதால் அல்ல. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டதை மறக்காத ஊர் இது. 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் 127 நாள் நின்றது. பனியன் தொழிலில் உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து கட்டிங், டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் கூலி பேசும் பழக்கம் அந்தப் போராட்டங்களின் மேல் வளர்ந்தது. பேரம் பேசும் கலையை அங்கே கற்றவர்கள் இந்தியாவில் எந்த மேசையிலும் உட்காரலாம். சமரச மேசையில் வக்கீலுக்குத்தான் தடை, சங்க நிர்வாகிக்கு இல்லை. ஆகவே சங்கத்தில் சேரும் இளைஞர் முதல் வருடத்திலேயே பேச்சுவார்த்தையைக் கண்ணால் பார்ப்பார். நேர்மையான சங்கத் தலைவர்களை முதலாளிகளே வேறு ஆலைத் தகராறில் கூப்பிட்டுப் பேசச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மனசார அந்தப் பக்கத்தில் நம்பிக்கை வேண்டும். நடு நாற்காலிக்கு ஏணியாக நினைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போவது தப்பு. அவளுக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன், நேர்மையாகத் “தெரியலைங்” என்றாள். அத்தோடு அதை விட்டோம்.

வக்கீல் வழியில் முதல் ஆச்சரியம், சமரச மேசையில் வக்கீலுக்கு இடம் இல்லை என்பது. 1947 சட்டத்தின் 36(3) பிரிவு சமரசப் பேச்சில் வக்கீல் ஆஜராவதைத் தடுத்தது. தொழிலாளர் நீதிமன்றத்தில்கூட எதிர்த் தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் வர முடியும் என்றது. ஆகவே லேபர் வக்கீல் பேரத்தைக் கற்பது மேசையில் அல்ல, தோற்றுப்போன பேரங்களின் மிச்சத்தை வாசித்துத்தான். ஒரு வேலைநீக்க வழக்கின் கட்டைப் பிரித்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணைக் குறிப்பு, இரண்டாம் காரணம் கேட்கும் அறிவிப்பு என்று எங்கே எந்த வார்த்தையில் பேச்சு முறிந்தது என்பது தெரியும். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று தமிழ்நாடு 1981-ல் போட்ட சட்டத்துக்காக எத்தனை ஆலைகளில் 479-வது நாளில் ஆளை நிறுத்தினார்கள் என்பதை வருகைப் பதிவேட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த எண்ணிக்கை தெரிந்தவரை மேசையில் யாரும் ஏமாற்ற முடியாது.

கோவையில் தொழிலாளிக்கும் ஆஜராகி நிர்வாகத்துக்கும் ஆஜராகும் வக்கீல்கள் உண்டு. அப்படிப்பட்ட சீனியரிடம்தான் சேர வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். முதல் நாலைந்து வருடம் பணம் சொற்பம், வீட்டிலிருந்துதான் தர வேண்டும். காங்கேயத்தில் மச்சானுக்குத் தேங்காய் களம் இருக்கிறது, அவளால் முடியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாது என்பதைச் சொல்லாமல் இந்த வழியை நான் புகழ்ந்தால் அது நியாயம் இல்லை.

இந்த வழியில் நடுவுக்கு வரும் முதல் படி உள்விசாரணை, அதாவது தொழிலாளி மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டை ஆலைக்குள்ளேயே விசாரிப்பது. நிர்வாகங்கள் வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக நியமிக்கும். பணம் கொடுப்பது நிர்வாகம், உட்காருவது நடுவில். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு முழு வாய்ப்புக் கொடுத்து, “குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை” என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதும் துணிச்சல் இருக்கிறதா என்பதை இரண்டு பக்கமும் கவனிக்கும். அப்படி எழுதினால் அந்த நிர்வாகம் அடுத்த தடவை கூப்பிடாமல் போகலாம். ஆனால் ஊரில் அந்த அறிக்கை பேசப்படும். எனக்கு முதன்முதலில் சங்கத்திலிருந்து போன் வந்தது அப்படி ஒரு அறிக்கைக்குப் பிறகுதான்.

அடுத்த படி சமரச மையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையம் நாட்டுக்கே முன்னோடி. அங்கிருந்து மாவட்டங்களுக்குப் பரவியது. 40 மணி நேரப் பயிற்சி எடுத்தவர்கள் சமரசர்களாக உட்காருகிறோம். வருவது பெரும்பாலும் குடும்ப வழக்கு, காசோலை, சொத்துப் பாகப்பிரிவினை. லேபர் கேஸ் அபூர்வம். ஆனாலும் ஒருவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது, சொன்னதை எதிர்த் தரப்பிடம் போய்க் கொட்டாமல் மனசுக்குள் வைத்துக்கொள்வது, அமைதியாக இருப்பது, இவையெல்லாம் எந்த வழக்கிலும் ஒன்றுதான். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டம், சமரச உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற வழி வைத்திருக்கிறது. ஆகவே காகிதத்துக்கும் எடை வந்திருக்கிறது.

கொங்கில் இந்த வேலைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இங்கே ஊருக்குள் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். மில் முதலாளி ஒருவர் என் சம்பந்தியின் பங்காளியாக இருப்பார். ஊர்ப் பெரியவரை உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசிப் பழகிய மண், பெரியவரின் சொல்லுக்குப் பின்னால் அவருடைய நிலமும் சொந்தமும் நிற்கும். தொழிலாளிக்கு அந்த மேசையில் இடமே இருந்ததில்லை. இப்போது மறுபக்கம் உட்காரும் தொழிலாளி ஒடிசாவின் ராயகடாவிலிருந்தோ பிஹாரின் கயாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். ஆகவே, “இவர் எனக்கு இன்ன முறையில் சொந்தம், இதற்கு மேலும் நான் வேண்டுமென்றால் இருக்கிறேன்” என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும் பழக்கத்தை இப்போதே பழக வேண்டும் என்றேன். இந்தி கற்றுக்கொள்ளச் சொன்னேன், முடிந்தால் ஒடியாவும். திருப்பூரில் நடுவில் உட்காருபவர் மேஸ்திரியின் மொழிபெயர்ப்பை நம்பி உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது என்று பொருள்.

சட்டத்தின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத வேலையும் இந்த ஊரில் நிறையக் கிடக்கிறது. சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் தறிக்குச் சொந்தக்காரர்கள். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் கொடுப்பார், இவர்கள் மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார்கள். கூலித் தகராறு வந்தால் லேபர் ஆபீசின் 12(3) கைகொடுக்காது. கலெக்டர் ஆபீசில், சில நேரம் அமைச்சர்கள் முன்னால்தான் பேசுகிறார்கள். பேசிய கூலியைக் கொஞ்ச நாளில் குறைத்துவிட்டார்கள் என்று மறுபடி தறி நிற்கும். 2025 மார்ச்சில் தொடங்கிய நிறுத்தம் ஒரு மாதம் நீண்டது. அந்த மாதம் ஒரு தறிக் குடோனுக்குப் போயிருந்தேன். எட்டுத் தறி, மேலே தூசி படிந்து துணி பாதியில் நிற்கிறது. சுவரில் முந்தைய ஒப்பந்தக் கூலிப் பட்டியலின் ஜெராக்ஸை ஒட்டி, அதன் பக்கத்திலேயே உண்மையில் கிடைத்த கூலியை பேனாவில் எழுதி வைத்திருந்தார் அந்த அண்ணன். இரண்டு எண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து வருடம் முழுக்கக் கண்காணிக்க யாருமே இல்லை. அந்த இடத்துக்கு ஒரு நல்ல நடுவர் எப்போது வருவார் என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

நடுவில் உட்கார இன்னும் சில இடங்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவுக்கு வெளி உறுப்பினர் வேண்டும். 20 பேர் இருந்தாலே புதிய தொகுப்பின்படி இரு தரப்பும் சமமாக உட்காரும் குறைதீர்க்கும் குழு வேண்டும். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பெண் தொழிலாளர்கள் தங்கள் ஆலைக்குள்ளேயே புகாரைக் கண்காணிக்க வழி செய்தது. இவை எதிலும் குடும்பம் நடத்தப் பணம் வராது. ஆனால் இளைய வக்கீல் ஒருவருக்கு நடுவில் உட்காரும் பழக்கத்தை முப்பது வயதுக்குள் தருபவை இவைதான்.

என் முடிவை அவளிடம் இப்படிச் சொன்னேன். தேர்வை இரண்டு தடவை முழு மூச்சாக எழுது. கிடைத்தால் யோசிக்காமல் போ, அந்த அம்மையார் உட்கார்ந்த நாற்காலி அது. அதுவரைக்கும் சும்மா இருக்காமல் இரு தரப்புக்கும் ஆஜராகும் சீனியரிடம் ஜூனியராக இரு. தேர்வு கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டு வருடம் வீணாகாது, அப்படியே தொடரலாம். கோச்சிங் செலவை அக்கா பார்த்துக்கொள்வாள். ஹெச்.ஆர். வேண்டாம். கையில் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஹெச்.ஆருக்குப் போ, ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் இருக்காதே, எதில் கையெழுத்துப் போடுகிறாய் என்று பார்த்துப் போடு என்று சொல்லியிருப்பேன்.

“அந்தத் திருப்பூர் கம்பெனிக்கு என்னங் பதில் சொல்றது?” என்று கேட்டாள்.

“வரலைன்னு நாளைக்கே மரியாதையா போன் பண்ணிச் சொல்லீரு கண்ணு. இழுத்தடிக்க வேண்டாம்.”

போகும்போது என் அலமாரியிலிருந்து பழைய உள்விசாரணை அறிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், ‘நிரூபணமாகவில்லை’ என்று நான் முதன்முதலில் எழுதியது. தரப்பினர் பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தேன். அறுபத்திரண்டு பக்கம். பஸ்ஸில் படித்துக்கொண்டே போயிருக்கிறாள். தாராபுரம் ரோட்டைத் தாண்டும்போது போன் வந்தது: “மாமா, பதினேழாம் பக்கத்துல அந்த செக்யூரிட்டியோட சாட்சியத்த நீங்க ஏனுங் நம்பலை?”

புதன்கிழமை சாயங்காலம் வா, பேசுவோம் என்றேன்.